ரெண்டு வயரை மாத்திப் போட்ட கதை

மூணு வாரமா எதுவும் எழுதல. வாழைத்தார் வெட்டு இருந்துச்சு. அது முடிஞ்சதும் தென்னைக்கு உரம் வைக்கிற வேலை. நடுவுல மாடு கன்னு போட்டுச்சு, கிடேரிக் கன்னு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்கு.

இந்தத் தடவை தோட்டத்தைப் பத்தி இல்லை. ஒரு பேஸ் கிடார்ல பிக்கப் மாத்தின கதை. போன தடவை வாழைக்குப் பக்கக்கன்னு எடுக்கிறதைப் பத்தி எழுதின ஆளு இப்ப கிடாருக்குப் போயிட்டாரேன்னு நினைக்காதீங்க. எங்க சுத்தினாலும் இந்தக் கதை யூரியாவுலயும் பம்ப்செட் மோட்டார்லயும்தான் வந்து நிக்கும்.

நான் பேஸ் கிடார் வாசிச்சவன்னு இங்க இதுவரைக்கும் சொன்னதில்லை. 1988-ல இருந்து 1996 வரைக்கும் எங்க ஊர்ல ஒரு மெல்லிசைக் குழு இருந்துச்சு. கம்பம் பள்ளத்தாக்குல அப்ப ஊருக்கு ஒரு குழு இருக்கும். இளையராஜா பொறந்த பண்ணைப்புரம் எங்களுக்கு சைக்கிள்ல போயிட்டு வர்ற தூரம். அதனால கிடார் வாங்குறது எங்க பக்கத்துப் பையன்களுக்குக் கள்ளத்தனம் இல்லை, ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாத்துக்கும் கூப்பிடுவாங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு மேடை ஏறினா விடியக்காலை ரெண்டு மணி ஆகும். காலையில ஆறு மணிக்கு மம்பட்டியோட வயல்ல நிப்போம்.

அப்ப ஊர்ல "நீ என்னப்பா வாசிக்கிற?"னு கேப்பாங்க. "பேஸ்"னு சொல்லுவேன். "சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?"னு கேட்டுட்டு அவங்களே சிரிச்சுக்குவாங்க. மோட்டார் வச்சிருக்குற ஊரு, அப்படித்தான் கேக்கும்.

குழுவுல லீட் கிடார் என் தம்பி. எனக்கு ரெண்டு வயசு சின்னவன். எனக்குக் கை இருந்துச்சு, அவனுக்குக் காது இருந்துச்சு. மேடை ஏறுறதுக்கு முன்னாடி என் பேஸுக்கும் அவன்தான் சுதி சேர்ப்பான். பாடுற அண்ணனுக்கு மேல் ஸ்தாயி எட்டாது. அதனால எங்க குழுவுல எல்லாக் கிடாரும் எப்பவும் அரைக் கட்டை எறக்கித்தான் இருக்கும். வேற குழுக்காரங்க வந்து எங்க கிடாரை வாங்கி வாசிச்சா ஒண்ணும் ஒட்டாது, முழிப்பாங்க. தம்பி ஓரமா நின்னு சிரிப்பான்.

அந்தப் பேஸை 1989-ல மதுரையில வாங்கினோம். கல்கத்தாவுல செஞ்சது. 2,400 ரூவா. பாதிப் பணம் நான் ரெண்டு கெடா வித்துக் குடுத்தேன். மீதி அவன் செங்கல் சூளையில வேலை பார்த்த காசு. பஸ் கூரையில போட மனசு வராம மடியில மாத்தி மாத்தி வச்சுக்கிட்டே ஊருக்கு வந்தோம்.

அப்புறம் கீபோர்டு வந்துச்சு. ஒரே ஆள் ஒரு கையில பேஸும் இன்னொரு கையில வயலினும் வாசிச்சுட்டான். ஆறு பேர் குழுவுக்கு யாரு காசு குடுப்பா? தானா கலைஞ்சுருச்சு. எனக்கும் கல்யாணம், பிள்ளைங்க, தோட்டம். பேஸை ஒரு சாக்குல சுத்திப் பரண்ல போட்டேன்.

2009-ல அப்பா தவறினதும் நிலத்தைப் பிரிச்சோம். ஆளுக்கு ரெண்டு ஏக்கர். கெணறு மட்டும் பொது, நாள் முறை வச்சு எறைச்சுக்கிட்டோம். மாடு, ஏர், அண்டா, பித்தளைக் குடம் எல்லாத்தையும் பங்கு போட்டோம். பேஸைப் பத்தி யாரும் பேசல. அது என் வீட்டுப் பரண்ல கெடந்துச்சு, அங்கயே இருந்துருச்சு.

2013 வெயில் காலம் உங்கள்ல சில பேருக்கு ஞாபகம் இருக்கும். மழை இல்லை, கரண்டும் இல்லை. என் முறை நாள்ல கரண்ட் வராம போச்சு. மறுநாள் அவன் முறையில கரண்ட் வந்ததும் ரெண்டு மணி நேரம் நான் எறைச்சுட்டேன். என் வாழை வாடிக்கிட்டு இருந்துச்சு. அவன் வாழையும்தான் வாடிக்கிட்டு இருந்துச்சு. அவன் வந்து கேட்டான். கேட்டதுல தப்பில்லை. பேசக்கூடாத வார்த்தையை முதல்ல பேசினது நான்தான். அதை இங்க எழுத மாட்டேன். அந்த வருஷமே அவன் தனியா போர் போட்டுக்கிட்டான். பன்னெண்டு வருஷமா நாங்க பேசிக்கல. நல்லது கெட்டதுல ஒரே பந்தல்ல நிப்போம், வேற வேற மூலையில.

பிள்ளைங்க பேசுவாங்க. தம்பி மகன் ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் படிச்சுட்டு ரோட்டு மேல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கான். வழியில பார்த்தா "பெரியப்பா, சாப்பிட்டீங்களா?"னு வண்டியை நிறுத்திக் கேப்பான். ஆனா என் மோட்டார் எரிஞ்சா நான் தேனிக்குத் தூக்கிட்டுப் போவேன். அந்தக் கடையில சாயங்காலம் ஆனா அவங்க அப்பா வந்து உக்காருவாரு. அதனாலதான்.

போன மாசம் பாடுற அண்ணன் போன் பண்ணினாரு. இப்ப டீக்கடை வச்சிருக்காரு. "சித்திரைத் திருவிழாவுக்கு நம்ம கோயில் மேடையில ஒரு மணி நேரம் பாடுவோம்டா. இருக்குறது நாலு பேரு. இப்ப விட்டா அப்புறம் எப்ப?"ன்னாரு. சரின்னுட்டேன். வைக்கப் போகும்போது, "உன் தம்பிகிட்டயும் சொல்லிருக்கேன்"ன்னாரு.

"என்ன சொன்னான்?"

"பார்ப்போம்னான்."

'பார்ப்போம்'னா எங்க பக்கம் 'வரமாட்டேன்'னு அர்த்தம்.

பரண்ல இருந்து பேஸை எறக்கினேன். சாக்கை எலி கடிச்சிருந்துச்சு. கம்பி நாலும் துரு. கழுத்து கோணல, அந்த மட்டுக்கும் நிம்மதி. சர்ச்சுல கிடார் வாசிக்கிற பையன்கிட்ட ஒரு சின்ன ஆம்ப் கடன் வாங்கிட்டு வந்து மாட்டினேன். மூணு திருகு இருக்கும் இதுல. ஒண்ணு முன்னாடி பிக்கப்புக்கு வால்யூம், ஒண்ணு பின்னாடி பிக்கப்புக்கு வால்யூம், ஒண்ணு டோன். முன்னாடி பிக்கப்பைத் திறந்தேன், கும்முனு சத்தம் வந்துச்சு. பின்னாடி, அதாவது பிரிட்ஜ் பக்கம் இருக்குற பிக்கப்பைத் திறந்தேன். ஒண்ணும் இல்லை.

பிக்கப்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பழைய சைக்கிள் டைனமோ பார்த்திருப்பீங்க. உள்ள ஒரு காந்தம், அதைச் சுத்திச் செம்புக் கம்பி. காந்தம் சுத்தினா கரண்ட் வரும், லைட் எரியும். பிக்கப்பும் அதே குடும்பம்தான். காந்தத்தைச் சுத்திச் செம்புக் கம்பி, மேல இரும்புக் கம்பி ஆடுது. இரும்பு ஆடுற ஆட்டத்துல காந்தத்தோட இழுப்பு கூடிக் குறையுது, அதுல துளியூண்டு கரண்ட் வருது. ஆம்ப் அதைப் பெருசாக்கிக் குடுக்குது.

அப்ப ஒண்ணு போதாதா, எதுக்கு ரெண்டு? கெணத்துக் கயித்தை ஒரு பக்கம் தூண்ல கட்டிட்டு நடுவுல ஆட்டிப் பாருங்க. நடுவுல பெருசா ஆடும், கட்டின முடிச்சுக்கிட்ட கொஞ்சமாத்தான் ஆடும். முன்னாடி பிக்கப் பெரிய ஆட்டத்தைக் கேக்குது, அதனால சத்தம் உருண்டையா, கனமா இருக்கும். பிரிட்ஜ் பிக்கப் முடிச்சுக்கிட்ட நிக்குது. அதுக்குக் கனம் கம்மி, ஆனா விரல் கம்பியை விட்ட நேரம் துல்லியமாத் தெரியும். வீட்டுக்குள்ள வாசிக்க முன்னாடி ஒண்ணே போதும். கோயில் திடல்ல நாலு பக்கமும் பாக்ஸ் வச்சு விட்டா வெறும் கனம் மட்டும் இருந்தா எல்லா ஸ்வரமும் ஒண்ணாக் கொழஞ்சு போகும். அந்தக் காலத்துல நான் அதை மறந்து மூடி வச்சிருந்தா தம்பி மேடையிலேயே திரும்பி, "பின்னாடியத் தொற"ம்பான்.

எங்கிட்ட மோட்டார் ஸ்டார்ட்டர் பார்க்குற மல்டிமீட்டர் இருக்கு. பிக்கப் வயரை நுனியில வெட்டி எடுத்து வச்சுப் பார்த்தேன். முன்னாடி பிக்கப் ஏழு கிலோ ஓமுக்குக் கொஞ்சம் மேல காட்டுச்சு. பிரிட்ஜ் பிக்கப்புக்கு மீட்டர்ல இடது ஓரம் ஒத்தை '1' மட்டும். மோட்டார்க்காரங்களுக்கு அந்த ஒண்ணு தெரியும். உள்ள எங்கயோ கம்பி அறுந்திருக்கு.

மூடியைக் கழட்டினா சுத்தின கம்பி பச்சை பூத்திருக்கு. காரணம் நான்தான். பரண்ல பேஸுக்குப் பக்கத்துல வருஷக்கணக்கா யூரியா மூட்டை அடுக்கியிருக்கேன். கூரை ஒழுகி யூரியா ஈரமானா அதுல இருந்து அம்மோனியா கெளம்பும், மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பரண் ஏறணும். அது செம்பைத் தின்னுரும். அந்தக் கம்பி தலைமுடியை விட மெல்லிசு. நூல் மாதிரி ஆயிரக்கணக்கான சுத்து. ஒரே ஒரு இடத்துல தின்னாப் போதும், மொத்தமும் செத்துப் போச்சு.

என் வீட்டம்மா சொன்னா, "ஒண்ணுதான் வேலை செய்யுதே, அதை வச்சு வாசிச்சுட்டுப் போங்க. ஒரு மணி நேரக் கூத்துக்கு எதுக்குச் செலவு?" சொன்னதுல ஞாயம் இருக்கு. வாழைத்தார் வித்த காசு கடனுக்கே சரியாப் போச்சு. ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் சென்னையில இருக்குற மகள்கிட்டச் சொல்லி ஒண்ணு தருவிச்சேன். 1,800 ரூவா. கம்பி தனி.

வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்கணும். இந்த மாதிரி ரெண்டு பிக்கப் பேஸை 'ஜாஸ் பேஸ்' மாடல்ம்பாங்க. முன்னாடி பிக்கப்பை விட பிரிட்ஜ் பிக்கப் கொஞ்சம் நீளம். முன்னாடி சுமார் 92 மில்லிமீட்டர், பின்னாடி சுமார் 95. பிரிட்ஜ் பக்கம் போகப் போகக் கம்பிகள் அகலமாப் பிரியுது, அதுக்காக. சில கம்பெனி ரெண்டையும் ஒரே அளவுல போடுறதும் உண்டு. அதனால அளந்துட்டுத்தான் வாங்கணும். நான் ஸ்கேல் வச்சு நாலு தடவை அளந்து மகளுக்குச் சொன்னேன்.

சாமான் வந்துருச்சு. யாரு சால்டர் வைக்கிறது? எங்க தெருவுல ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்த்தவரு கடையை மூடி நாளாச்சு. எனக்குக் கண்ணாடி போட்டும் அந்த முனை தெரியல, கையும் லேசா ஆடுது. தேனிக்குக் கொண்டு போறேன்னேன். வீட்டம்மா ஒண்ணும் சொல்லல, பார்த்தா. "ரோட்டுக் கடையில பையன் இருக்கான்ல"ன்னு மட்டும் சொன்னா.

காலையில பத்து மணிக்கே போனேன். அவங்க அப்பா அஞ்சு மணிக்கு மேலதான் வருவாரு, அதுக்குள்ள முடிச்சுட்டு வந்துரலாம்னு கணக்கு. பையன் பேஸைப் பார்த்ததும் கையைத் துணியில தொடச்சுட்டு வாங்கினான். "இதுதானா பெரியப்பா அது?"ன்னான். 'அது'ன்னா எது? வீட்டுல பேச்சு இருந்திருக்கு போல.

மேசையில பழைய வேட்டியை மடிச்சு விரிச்சு அது மேல படுக்க வச்சோம். கம்பியெல்லாம் கழட்டினோம். பிக்கப்புக்கு நாலு திருகாணி, ரெண்டு துரு ஏறித் திரும்பல. சால்டர் முனையைத் திருகாணி தலையில வச்சுச் சூடு காட்டினான், எளகிருச்சு. பிக்கப்புக்கு அடியில தூக்கிக் குடுக்க ஸ்பாஞ்சு இருக்கும். அது மாவாக் கொட்டுச்சு. பழைய ஹவாய் செருப்புல ரெண்டு துண்டு வெட்டி வச்சான். பிரிட்ஜுக்கு அடியில இருந்து ஒரு எர்த் வயர் வரும், அதுவும் பச்சை பூத்திருந்துச்சு. சொரண்டிப் புதுசா வச்சான். அந்த எர்த் சரியா இருந்தாத்தான் கம்பி மேல கை வச்சதும் எரைச்சல் அடங்கும்.

வேலை பார்த்துக்கிட்டே, "இதை யாரு பெரியப்பா கண்டுபிடிச்சது?"ன்னான். போன்ல படிச்சது ஞாபகம் இருந்துச்சு. அமெரிக்காவுல கலிஃபோர்னியாப் பக்கம் ஃபுல்லர்ட்டன்னு ஒரு ஊரு. லியோ ஃபெண்டர்னு ஒருத்தரு 1938-ல அங்க ரேடியோ ரிப்பேர்க்கடை போட்டாரு. அங்க இருந்து ஆம்ப், கிடார்னு போய், 1951-ல ஒத்தைப் பிக்கப் பேஸ் விட்டாரு, 1960-ல இந்த ரெண்டு பிக்கப் மாடல். அதுக்கு முன்னாடி பேஸ்னா ஆள் உசரத்துக்கு நிக்க வச்சு வாசிக்கிற பெரிய மரப்பெட்டி. இதுல வேடிக்கை என்னன்னா, அந்த மனுசனுக்குக் கிடார் வாசிக்கத் தெரியாதாம். "அப்ப நம்ம கேஸுதான்"ன்னான் பையன்.

செத்த பிக்கப்பைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கட்டுற மோட்டார் காயில் கம்பி குச்சி மாதிரி இருக்கும். இது ஊதினாப் பறக்கும். "இதையும் ஒரு நாள் சுத்திப் பார்க்குறேன், வச்சுட்டுப் போங்க"ன்னான்.

புதுசை மாட்டி, வெள்ளை வயரை வால்யூம்ல, கருப்பை எர்த்துல வச்சான். கம்பி போடுறதுக்கு முன்னாடியே சோதிச்சுரலாம். ஆம்பை லேசா வச்சு, ஸ்க்ரூ டிரைவர் முனையால பிக்கப் காந்தத்துல தொட்டா 'டொக்'னு கேக்கணும். கேட்டுச்சு. அங்க ஒரு டீ சொன்னோம்.

புதுக் கம்பி போட்டு, போன்ல ட்யூனர் வச்சு ஈ, ஏ, டி, ஜி நாலும் சரியா நிறுத்தினேன். முன்னாடி பிக்கப் மட்டும் வச்சேன், அருமை. பின்னாடி மட்டும் வச்சேன், வெண்கலம் மாதிரி சுத்தம். எனக்குச் சந்தோஷம் தாங்கல. ரெண்டையும் முழுசாத் திறந்தேன்.

தகரம்.

எப்படிச் சொல்றது? கனம் மொத்தமும் ஓடிப் போச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாடுற மாதிரி மெல்லிசா ஒரு சத்தம், கூடவே கடை டியூப்லைட்டோட 'ம்ம்ம்'னு எரைச்சல். தனித்தனியா ரெண்டும் நல்லா இருக்கு, சேர்ந்தா ரெண்டும் இல்லை.

பையன் எர்த்தை மறுபடி வச்சான். டோன் கெபாசிட்டரை மாத்தினான். வால்யூமுக்கு ஸ்பிரே அடிச்சான். பழைய பிக்கப் மேல இன்னொரு காந்தத்தைக் காட்டி, புதுசுலயும் காட்டிப் பார்த்து, "முன்னாடி ஒட்டுற பக்கம் பின்னாடி தள்ளுது, ரெண்டுக்கும் முனை எதிர் எதிர். அப்படித்தான் இருக்கணும்னு போட்டிருக்கு பெரியப்பா"ன்னு போன்ல பார்த்துச் சொன்னான். நடுவுல ரெண்டு பேரு மோட்டாரைத் தூக்கிட்டு வந்துட்டாங்க, அதைப் பார்க்காம முடியுமா? மதியச் சாப்பாடும் அங்கயே. மணியைப் பார்க்கவே இல்லை நான்.

வெளிய எக்செல் சத்தம். அந்த வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும், பன்னெண்டு வருஷமா அது கேட்டா நான் தெருவை மாத்திப் போற சத்தம். பையன் தலை நிமிரல. நானும் நிமிரல. கையில பேஸ் இருந்துச்சு, என்ன செய்றதுன்னு தெரியாம ஈ கம்பியை அடிச்சேன். ரெண்டு பிக்கப்பும் திறந்துதான் இருந்துச்சு. அதே தகரம்.

வாசல்ல வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தான். உள்ள வரல. கொஞ்ச நேரம் கேட்டான்னு நினைக்கிறேன். அப்புறம் அவன் மகனைப் பார்த்துச் சொன்னான்:

"ஏப்பா, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு திங்குது. புதுசுல ரெண்டு வயரையும் மாத்திப் போடு."

பையன் நெத்தியில அடிச்சுக்கிட்டான். தெனம் பண்ற வேலை அவனுக்கு. த்ரீ பேஸ் மோட்டார் திருப்பிச் சுத்தினா மோட்டாரைப் பிரிக்க மாட்டோம். வர்ற மூணு வயர்ல ஏதாவது ரெண்டை மாத்திப் போடுவோம், நேராச் சுத்தும். இதுவும் அதே மாதிரி ரெண்டு வயர் வேலைதான். ஒரு பிக்கப் மேல தள்ளும்போது இன்னொண்ணு கீழ இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. கருப்பை எடுத்து வால்யூம்ல, வெள்ளையை எர்த்துல வச்சான். ரெண்டு நிமிஷ வேலை.

அடிச்சேன். திடல்ல கேக்குற அந்தச் சத்தம் அந்தச் சின்ன ஆம்ப்லயே வந்துச்சு. மேசை மேல இருந்த திருகாணியெல்லாம் அதிர்ந்துச்சு. எரைச்சலும் நின்னு போச்சு. அதுக்கும் காரணம் இருக்கு. ரெண்டு காயிலும் எதிர் எதிராச் சுத்தின மாதிரி இருந்தா, டியூப்லைட்ல இருந்து வர்ற எரைச்சல் ஒண்ணுல கூட்டலாவும் ஒண்ணுல கழித்தலாவும் வந்து தீர்ந்துரும். காந்தமும் எதிர் எதிரா இருக்கிறதால கம்பியோட சத்தம் மட்டும் ரெண்டுலயும் ஒரே பக்கமாச் சேரும். ரெண்டு வால்யூமும் சமமா இருந்தாத்தான் இது நடக்கும். ஒண்ணைக் கொஞ்சம் குறைச்சாலும் எரைச்சல் எட்டிப் பார்க்கும்.

நான் தலையை நிமிர்த்தினப்ப தம்பி எக்செல்லைத் திருப்பிக்கிட்டு இருந்தான். நான் ஏதாவது சொல்லியிருக்கணும். பன்னெண்டு வருஷமா ராத்திரியில படுத்துக்கிட்டு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வார்த்தைதான். வாயில வரல. வண்டி போயிருச்சு.

ஒரு திருகாணி ஓட்டை பெருசாயிருந்துச்சு. அதுக்கு மரக்குச்சி வச்சு ஒட்டிக் காயணும்னான் பையன். அதனால பேஸை அங்கயே வச்சுட்டு வந்தேன். பிக்கப் உயரத்தை மட்டும் சரி பண்ணிட்டேன். கடைசிக் கட்டத்துல கம்பியை அழுத்திப் பிடிச்சா, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவுல ரெண்டு ஒரு ரூவாக் காசு போற இடைவெளி, அதாவது சுமார் 3 மில்லிமீட்டர். ரொம்பக் கிட்ட வச்சா காந்தம் கம்பியைப் பிடிச்சு இழுத்துச் சுதியைக் கெடுக்கும்.

ரெண்டு நாள் கழிச்சுப் போய் எடுத்தேன். கூலி எவ்வளவுன்னேன். "அப்பா வாங்கக் கூடாதுன்னாரு"ன்னான். வேற எதுவும் அவன் சொல்லல, நானும் கேக்கல.

வீட்டுக்கு வந்து ஆம்ப்ல மாட்டி ட்யூனரை வச்சுப் பார்த்தேன். ஈ கம்பி எறங்கி இருந்துச்சு. புதுக் கம்பி இழுபட்டு எறங்கும், அது தெரிஞ்சதுதான். முறுக்கப் போனேன். அப்புறம் எதுக்கும் மத்ததையும் பார்ப்போம்னு ஏ பார்த்தேன், எறங்கி இருக்கு. டி, ஜி ரெண்டும் எறங்கி இருக்கு. தானா எறங்கின கம்பின்னா ஒண்ணு கூடவும் ஒண்ணு கம்மியாவும் இருக்கும். இது அப்படி இல்லை. ட்யூனர் முள் நாலுக்கும் நட்டநடுவுல நின்னுச்சு.

நாலும் சரியா அரைக் கட்டை எறக்கி இருந்துச்சு.

வீட்டம்மா அடுப்படியில இருந்து, "என்ன, மறுபடி ரிப்பேரா?"ன்னா. இல்லைன்னேன். முறுக்காம அப்படியே செவுத்துல சாத்தி வச்சேன்.

திருவிழாவுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கு. விரல் நுனியெல்லாம் கொப்புளம். மம்பட்டி பிடிச்ச கைக்கும் இந்தக் கம்பி புதுசாத்தான் இருக்கு. கச்சேரி முடிஞ்சதும் எப்படி இருந்துச்சுன்னு எழுதுறேன். யூரியா மூட்டையைப் பரண்ல இருந்து எறக்கி மாட்டுக் கொட்டகைப் பக்கம் பலகை போட்டு வச்சுட்டேன். நீங்களும் உங்க வீட்டுப் பரண்ல எதுக்குப் பக்கத்துல எது இருக்குன்னு ஒரு தடவை ஏறிப் பாருங்க.